பெத்தெஸ்டாவுக்கு மூட்டை கட்டும் முன்

ஏப்ரல் பிறந்தால் கர்னலின் மேரிலாந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு கடிதங்கள் வந்து சேரும். ஒன்று ஏதாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி அனுப்பியது. மற்றொன்று பக்கத்து ஊரான பெத்தெஸ்டாவில் இருக்கும் ராணுவ மருத்துவக் கல்லூரி அனுப்பியது. கடிதங்களோடு ஓர் இளம் தம்பதி வருவார்கள். பெரும்பாலும் மடியில் ஒரு குழந்தையும் இருக்கும். எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல அமெரிக்காவில் ஏப்ரல் 30 கெடு. அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் காபி டிகாக்‌ஷன் இரண்டு முறை இறங்கும்.

கர்னல் 20 வருஷம் ராணுவ மருத்துவராக இருந்துவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றவர். குடும்ப மருத்துவம் அவர் துறை. யாரும் அவரை ஆலோசகராக நியமிக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் மகனை அனுப்பினார், அவன் நண்பனை அனுப்பினான், அப்படியே தொற்றிக்கொண்டது. வருகிறவர்கள் கையில் எக்செல் அட்டவணை இருக்கும். கட்டணம், வட்டி, சம்பளம், பத்து வருஷக் கூட்டுத்தொகை எல்லாம் நிறம் தீட்டிக் கொண்டுவருவார்கள். கர்னல் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இடம் கிடைத்தவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்று.

1995-ல் அவருக்கு வயது 28. கும்பகோணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோரோடு அமெரிக்கா வந்து, குடியுரிமை பெற்று, நியூஜெர்சியில் இன்ஜினீயராக இருந்தார். மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். மகளுக்கு இரண்டு வயது. டாக்டராக வேண்டும் என்ற பழைய ஆசை விடவில்லை. ராத்திரிகளில் படித்து நுழைவுத்தேர்வு எழுதினார், இரண்டு இடம் கிடைத்தது. ஒன்றில் கடன் வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். மற்றொன்றில் கட்டணமே கிடையாது, படிக்கிற நாளிலேயே சம்பளம்.

கும்பகோணத்திலிருந்து மாமியார் போன் பண்ணினார். "மாப்பிள்ளை, கைநிறையச் சம்பளத்தை விட்டுட்டுப் பட்டாளத்துக்கா போறீங்க? என் பொண்ணு என்ன பண்ணுவா?"

பட்டாளம் இல்லை அத்தை, படிப்பு என்று அவர் சமாளித்தார். தெருவில் ஒரு பையன் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவன் என்பதால் மாமியாருக்கு விஷயம் ஓரளவு பிடிபட்டது. ஆனால் அந்தப் பையன் பள்ளி முடித்த கையோடு போனவன். புனேயில் சேரக் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும், படிப்பு முடிகிறவரை கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. மனைவி, மக்கள் என்ற பேச்சே அங்கே எழ இடமில்லை. அமெரிக்காவில் நாலு வருஷப் பட்டப்படிப்பு முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரி வாசலையே மிதிக்க முடியும். நடுவில் சிலர் வேலைக்குப் போவார்கள், கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். பெத்தெஸ்டாவில் முப்பதைத் தாண்டிய முதலாண்டு மாணவர்கள் உண்டு.

மாமியார் கேட்டதில் முன்பாதிக்குத்தான் அன்றைக்கு அவர் பதில் சொன்னார். பின்பாதிதான் சரியான கேள்வி என்று விளங்க அவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கல்லூரி பிறந்த கதையையும் கர்னல் விடமாட்டார். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கா டாக்டர்களையும் கட்டாயமாகப் படைக்கு இழுத்தது. 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. இனி டாக்டர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு முன்கூட்டியே, 1972-லேயே, நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் இரண்டு விடை எழுதி வைத்திருந்தது. ஒன்று, ராணுவமே நடத்தும் மருத்துவக் கல்லூரி. லூசியானா உறுப்பினர் எட்வர்ட் ஹெபேர் விடாப்பிடியாக நின்று கொண்டுவந்தது அது. அந்தக் கல்லூரிக்கு இன்றும் அவர் பெயர்தான். இரண்டாவது, எச்.பி.எஸ்.பி. என்ற ஸ்காலர்ஷிப். சாதாரணக் கல்லூரியிலேயே படிக்கலாம், ராணுவம் கட்டணம் கட்டும், பிறகு கடனைச் சேவையாகத் தீர்க்க வேண்டும். பெத்தெஸ்டா கல்லூரியில் முதல் வகுப்பு 1976-ல் சேர்ந்து 1980-ல் வெளியே வந்தது.

கர்னல் சேரவிருந்த சமயம் கல்லூரி இருக்குமா என்பதே சந்தேகம். துணை ஜனாதிபதி அல் கோர் தலைமையில் அரசுச் செலவைக் குறைக்கக் கிளம்பிய குழு, 1993-ல் அந்தக் கல்லூரியை மூடச் சொல்லிவிட்டது. ஒரு டாக்டரை அங்கே உருவாக்குவதைவிட ஸ்காலர்ஷிப் கொடுத்து வெளியே படிக்கவைப்பது மலிவு என்பது வாதம். மலிவுதான். ஆனால் பெத்தெஸ்டாவில் படித்தவர்கள் ராணுவத்தில் நீண்ட காலம் தங்குகிறார்கள் என்பது எதிர்வாதம். நாடாளுமன்றம் மூடவிடவில்லை. "நடுவுல மூடிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி அன்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் கோடை எல்லோருக்கும் அதிகாரிப் பயிற்சி. கடற்படைக்காரர்கள் ரோட் தீவின் நியூபோர்ட்டுக்கும் விமானப்படைக்காரர்கள் அலபாமாவுக்கும் போக, தரைப்படையில் சேர்ந்த அவர் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குப் போனார். சல்யூட் அடிக்கவும் பூட்ஸ் துடைக்கவும் அவர் பழகிக்கொண்டிருந்த வாரங்களில், நியூஜெர்சி வீட்டைக் காலி செய்து, இரண்டு வயதுக் குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு மேரிலாந்துக்கு வந்து வாடகை வீடு பிடித்தவர் மனைவி. "அன்னைக்கே சகுனம் தெரிஞ்சிருக்கணும்" என்பார் அந்த அம்மாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

படித்த நாலு வருஷம் நன்றாகவே போயிற்று. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை என்று கர்னல் நினைக்கிறார். மாணவர்கள் எல்லோரும் செகண்ட் லெப்டினன்ட், கடற்படையில் என்ஸைன். அதிகாரிச் சம்பளம், வாடகைப் படி, உணவுப் படி. படிகளுக்கு வருமான வரி கிடையாது. குடும்பம் இருந்தால் வாடகைப் படி கூடும். 2025 கணக்குப்படி அந்தப் பதவியின் அடிப்படைச் சம்பளம் மட்டும் மாதம் 4,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. சிவிலியன் கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் கடன் பணத்தில் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் சம்பளத்தில் வாங்கினார்கள். 1997-ல் மகன் பிறந்தது கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருந்த கடற்படை மருத்துவமனையில். பெரிய பில் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அமெரிக்காவில் பிரசவம் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மகன் பிறந்த மூன்றாம் நாள் அப்பா வகுப்புக்குப் போய்விட்டார் என்பது வேறு. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து குழந்தை பிறந்தால் படையில் இருக்கும் தாய் தந்தை இருவருக்கும் 12 வாரம் விடுப்பு.

கணக்கு இடறும் இடம் அதற்கு அடுத்தது.

படிப்புக்கு ஈடாகச் செய்ய வேண்டிய ராணுவச் சேவையை வருகிறவர்கள் எல்லோருமே "ஏழு வருஷம்தானே அங்கிள்" என்பார்கள். கர்னல் பழைய கவரைத் திருப்பி, அதன் முதுகில் எழுதுவார். படிப்பு நாலு. அதன் பிறகு ரெசிடென்சி என்ற துறைப் பயிற்சி, அவருக்கு மூன்று. இந்த ஏழில் ஒரு நாள்கூடக் கடனில் கழியாது. ரெசிடென்சி முடிந்த மறுநாள்தான் ஒப்பந்தத்தின் ஏழு வருஷம் தொடங்கும். 28-ல் சேர்ந்தவர் 42-ல்தான் விடுபடுகிறார். நரம்பு அறுவை சிகிச்சை மாதிரி ஏழு வருஷ ரெசிடென்சி எடுத்தவர் இன்னும் நாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எச்.பி.எஸ்.பி.யில் நாலு வருஷ ஸ்காலர்ஷிப்புக்கு நாலு வருஷம்தான் கடன், ஆனால் அங்கும் ரெசிடென்சி கணக்கில் வராது.

பென்ஷனில் இன்னொரு முடிச்சு. பென்ஷனுக்கு 20 வருஷ சேவை வேண்டும். கல்லூரியில் கழித்த நாலு வருஷம் அந்த இருபதில் சேராது. பதவி உயர்வுக்கும் சேராது, அவர் காலத்தில் நாலு வருஷமும் ஒரே பதவிதான். ஆனால் இருபதையும் முடித்துவிட்டால், பென்ஷன் தொகையைக் கணக்கிடும்போது அந்த நாலும் கூடிக்கொள்ளும். கர்னலுக்கு 20 வருஷ சேவைக்கு 24 வருஷப் பென்ஷன். "42 வயசுல விட்டா ஒண்ணும் இல்ல. இன்னும் பத்து வருஷம் இருந்தா ஆயுசுக்கும் பென்ஷன். யாரு விடுவா?" என்று கேட்பார். கல்லூரியை மூடக் கூடாது என்றவர்கள் சொன்ன நீண்ட சேவைக்குப் பின்னால் நாட்டுப்பற்றும் இருக்கிறது, இந்தக் கணக்கும் இருக்கிறது.

சிவிலியன் பக்கத்தில் 2007-லிருந்து ஒரு வழி உண்டு. அரசு நிறுவனத்திலோ லாப நோக்கற்ற மருத்துவமனையிலோ வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கல்விக் கடன் தள்ளுபடி. ரெசிடென்சி செய்யும் மருத்துவமனைகள் பலவும் லாப நோக்கற்றவை என்பதால் அந்த வருஷங்களும் 120-ல் சேர்ந்துவிடும். ராணுவ ஒப்பந்தக் கணக்கில் சேராத ரெசிடென்சி இங்கே சேருகிறது. எக்செல் அட்டவணைகளில் இந்த வரி அநேகமாக விடுபட்டிருக்கும்.

மருத்துவத் துறையைத் தேர்ந்தெடுப்பதிலும் ராணுவத்தின் தேவைக்கே முதலிடம். எந்தத் துறையில் எத்தனை பேர் தேவை என்று மூன்று படைகளும் முடிவு செய்து, தேர்வுக் குழு கூடி, டிசம்பர் நடுவில் முடிவு வெளிவரும். கர்னல் கேட்டது குடும்ப மருத்துவம், கிடைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் மாடிகன் ராணுவ மருத்துவமனைக்கு 1999-ல் போனார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அவரிடம் படித்த ஒருவர் தோல் மருத்துவம் கேட்டார். ஒரு வருஷ இன்டர்ன் பயிற்சியோடு, பொது மருத்துவ அதிகாரியாகக் கடற்படைப் பிரிவு ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி வேறு கரையில் குழந்தை மருத்துவத்தில் ரெசிடென்ட். இரண்டு வருஷத்துக்கு மேல் அவர்கள் குடும்பம் நடந்தது விமான நிலையங்களில். அவருக்குப் பிறகு தோல் மருத்துவம் கிடைத்தது, இன்று நன்றாக இருக்கிறார்கள். நடுவில் பிறந்திருக்க வேண்டிய குழந்தை தள்ளிப்போயிற்று என்பதை எந்த அட்டவணையில் எழுதுவது என்று கர்னல் கேட்கிறார்.

இப்போது டீச்சரம்மா கதைக்கு வரலாம்.

அமெரிக்காவில் ஆசிரியர் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. நியூஜெர்சியில் வாங்கியது மேரிலாந்தில் செல்லாது. மேரிலாந்தில் வாங்கியது வாஷிங்டனில் செல்லாது. ஒரு மாநிலத்தில், ஏற்கெனவே எட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரைப் பார்த்து, கணக்கு நடத்தத் தகுதி இருக்கிறதா என்று மறுபடி பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதி, விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, லைசென்ஸ் கைக்கு வந்தபோது அந்தக் கல்வியாண்டின் பாதி போயிருந்தது. மாற்றுப் பணி உத்தரவு ஒன்றரை வருஷத்தில் வந்துவிட்டது. 2002-ல் ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் மருத்துவமனை, 2005-ல் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட், 2009-ல் மறுபடி மேரிலாந்து. ஒவ்வோர் ஊரிலும் பள்ளியில் அவர்தான் புது டீச்சர். அனுபவத்துக்கேற்ற சம்பள உயர்வு ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். ஆசிரியர் பென்ஷனுக்குத் தேவையான வருஷங்கள் எந்த மாநிலத்திலும் சேரவில்லை. கர்னலுக்கு 24 வருஷப் பென்ஷன் வருகிற அதே வீட்டில்தான் இதுவும்.

படையினரின் மனைவி அல்லது கணவன் வைத்திருக்கும் தொழில் லைசென்ஸை, பணி மாற்றத்தால் போய்ச் சேரும் மாநிலமும் ஏற்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது. வக்கீல்களுக்கு மட்டும் அது பொருந்தாது. செய்தியைக் கணவர் படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இருவத்தெட்டு வருஷம் லேட்டு" என்றார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் நாலு ஊர். அதில் கடைசி மாற்றம் பதினோராம் வகுப்புத் தொடக்கத்தில். அந்த வருஷம் அவள் அப்பாவோடு அதிகம் பேசவில்லை.

2006 இலையுதிர் காலத்தில் ஃபோர்ட் ஹூடிலிருந்து ஒரு பட்டாலியனோடு இராக் போனார், 'பட்டாலியன் சர்ஜன்' என்ற பெயரில். கத்தி பிடிக்காத குடும்ப மருத்துவரானாலும் பட்டாலியனின் டாக்டருக்கு அதுதான் பட்டம். பழைய காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்தில் மாமியார், மாப்பிள்ளை ஆபரேஷன் டாக்டர் ஆகிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனது. 2007 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருக்கும் தரைப்படையினருக்கு 12 மாதம் 15 மாதமாகிறது என்று அறிவித்தார். கர்னலுக்கு விஷயம் தெரிந்து, தொலைபேசி வரிசையில் நின்று, வீட்டுக்குப் பேசியபோது மனைவி சொன்னது: "டிவியில பாத்தாச்சு. பையனோட பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லியாச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

மாமியாரின் கேள்வி அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாகக் கேட்டது. பொண்ணு என்ன பண்ணினாள்? வேலைக்குப் போனாள், புல்வெளி வெட்டினாள், கார் டயர் மாற்றினாள், கணக்குப் பரீட்சை திருத்தினாள், வீட்டில் சீருடை அணிந்த யாராவது காலிங்பெல் அடித்துவிடுவார்களோ என்று ராத்திரி விழித்திருந்தாள். ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்து இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கர்னல் எல்லோரையும் பெத்தெஸ்டாவுக்குப் போகாதே என்று விரட்டுகிறவர் என்று முடிவுகட்ட வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. மூன்று வயதுப் பையனுக்கு ஆட்டிசம். சிகிச்சைக்கு மாதாமாதம் போகும் பணத்தில் வீடே முழுகிக்கொண்டிருந்தது. அவர்களிடம் யோசிக்காமல் போ என்றார். ராணுவ மருத்துவக் காப்பீட்டில் அந்தச் சிகிச்சைகள் வரும். இப்படிப்பட்ட குழந்தை இருப்பதாகப் பதிவு செய்துவிட்டால், தேவையான சிகிச்சை கிடைக்கும் ஊரா என்று பார்த்துத்தான் குடும்பத்தை இடம் மாற்ற வேண்டும் என்று ஏற்பாடும் இருக்கிறது. ஏற்பாடு எல்லா ஊரிலும் சொன்னபடி நடப்பதில்லை, அதையும் சொல்லித்தான் அனுப்பினார். இன்னொரு ஜோடியில் மனைவி வக்கீல், பங்குதாரராகும் வாசலில் நின்றவர். கணவனுக்கு எலும்பு அறுவை சிகிச்சை ஆசை. அந்தத் துறையில் ராணுவச் சம்பளத்துக்கும் வெளிச் சம்பளத்துக்கும் இடைவெளி மிக அதிகம். குடும்ப மருத்துவத்திலும் குழந்தை மருத்துவத்திலும் அந்த இடைவெளி சிறியது. அவர்களைக் கடன் வாங்கிப் படிக்கச் சொன்னார். அந்தப் பையன் முகம் வாடிவிட்டது, தாத்தா கடற்படையில் இருந்தவராம்.

இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு அவர் மூன்றாவது கதவையும் காட்டுவார். வெளியே படித்து, வெளியே ரெசிடென்சி முடித்து, முழு டாக்டராக ராணுவத்தில் சேரலாம். அப்போது துறை கையில் இருக்கும், எத்தனை வருஷம் என்று பேரம் பேசவும் இடம் இருக்கும்.

முப்பது வருஷத்தில் தராசே மாறியிருக்கிறது. கடனோடு படித்து முடிக்கும் மருத்துவ மாணவரின் இடைநிலைக் கடன் இப்போது சுமார் 2 லட்சம் டாலர். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018-ல் எல்லோருக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. 2024-ல் ரூத் காட்ஸ்மன் என்ற முன்னாள் பேராசிரியை தந்த 100 கோடி டாலரால் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் இலவசமாயிற்று. அங்கெல்லாம் இடம் கிடைத்தவர்கள் கர்னல் வீட்டுப் பக்கம் வருவதில்லை. மற்றவர்கள் முன்னைவிட அதிகமாக வருகிறார்கள். 2026 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டதும் ஒரு காரணம். குடும்பத்தோடு படிக்கிறவருக்கு அது கட்டணத்துக்கே போதாமல் போகலாம். மீதிக்குத் தனியார் கடன்தான், அதற்கு 120 தவணைத் தள்ளுபடி கிடையாது.

ராணுவத் தரப்பிலும் சறுக்கல் உண்டு. 2016 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, படைகள் தனித்தனியே நடத்திய மருத்துவமனைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் போயின. பல ஊர்களில் சிக்கலான நோயாளிகள் வெளி மருத்துவமனைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கை ஓடாவிட்டால் கை மறந்துபோகும். கர்னல் சேரும்போது யாரும் கேட்காத கேள்வி இது: எனக்குப் போதுமான கேஸ் வருமா?

ஓய்வுக்கு முன் பல வருஷம் கல்லூரியில் பாடம் சொன்னார். பென்சில்வேனியாவின் ஃபோர்ட் இண்டியன்டவுன் கேப்பில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு 'ஆபரேஷன் புஷ்மாஸ்டர்' என்ற போர்க்களப் பயிற்சி நடக்கும். கூடாரம், புகை, போலி ரத்தம், அலறும் நடிகர்கள். இருக்கிற ஒரு ஹெலிகாப்டரில் யாரை முதலில் ஏற்றுவது என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும். வேறெந்தக் கல்லூரியிலும் இப்படிக் கற்றுத்தர மாட்டார்கள் என்று சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். இராக்கில் இது கை கொடுத்தது என்பார். அதற்கு மேல் விவரம் சொல்லமாட்டார்.

இந்த ஏப்ரலிலும் ஒரு தம்பதி வந்தார்கள். லான்ஹம் சிவ விஷ்ணு கோவிலில் பழக்கமானவர்கள். இடம் கிடைத்திருப்பது இந்த முறை பெண்ணுக்கு. பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரன், கைக்குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கர்னல் வழக்கம்போல அவனிடம் கேட்டார். வேலை எங்கிருந்தும் பார்க்கலாம் அங்கிள் என்றான் அவன். ஜப்பானில் ஒக்கினாவாவுக்கு மாற்றினால் அமெரிக்க ஆபீஸ் நேரத்துக்கு ராத்திரி முழுக்க உட்காருவாயா, அவள் டியூட்டியில் இருந்தால் குழந்தை யாரிடம் என்றதும் அவன் மனைவியைப் பார்த்தான். இருவரும் அதுவரை அதைப் பேசியிருக்கவில்லை என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் பெண் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, உங்களுக்கு மறுபடி சான்ஸ் குடுத்தா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

டீச்சரம்மா டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஜெர்மனின்னா நாளைக்கே கிளம்புவேன். டெக்சாஸ்னா மாட்டேன்."

கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். தோளில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.